கவர் அச்சடிக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: பார்கோடில் ஏமாந்தேன்

குமுளியில் ஏலக்காயும் மிளகும் பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். கோட்டயத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஆர்டர் கிடைத்தது. பார்கோடு கட்டாயம் என்றார்கள். கம்பம் பக்கம் ஒரு அச்சகத்தில் 3,000 கவர் அடிக்கச் சொன்னேன். 12,000 ரூபாயையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார்கள்.

சரக்கு போன மறுநாளே திரும்பி வந்துவிட்டது. "ஸ்கேன் ஆகுந்நில்ல சேச்சி" என்றார் பில் போடும் பெண். அச்சகக்காரரிடம் போனால், தன் போனில் படித்துக் காட்டி, "நல்லாத்தானே படிக்குது அக்கா, கடைக்காரங்க மெஷின்தான் கோளாறு" என்றார். அதோடு விடாமல், சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று 2,800 ரூபாய்க்கு ஒரு ஸ்கேனரையும் என் தலையில் கட்டினார். வீட்டுக்கு வந்து பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டினேன், உடனே பீப். சோப்புக்கும் பீப். என் கவருக்கு மட்டும் சத்தமே இல்லை.

எண்ணில் தப்பில்லை. பார்கோடு எண் வழங்கும் ஜிஎஸ்1 இந்தியா அமைப்பில் முறையாகப் பதிந்து பெற்றது, 890 என்று தொடங்கும் 13 இலக்கம். கோளாறு நிறத்தில் இருந்தது. கவர் இளம்பச்சை, கோடுகள் சிவப்பு. கடை ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிவப்பு ஒளியை அடித்துத்தான் படிக்கும். அந்த ஒளியில் சிவப்புக் கோடு வெள்ளைபோல் ஆகிவிடும், இளம்பச்சையும் வெளிறித்தான் தெரியும், இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. போன் கேமராவுக்கு நிறங்கள் பிரிந்து தெரிவதால் அது படித்துவிட்டது. சிவப்புக் கண்ணாடித்தாளைக் கவர் மேல் வைத்துப் பார்த்தேன், கோடுகள் கிட்டத்தட்ட மறைந்தே போயின. நாள்தோறும் கவர் அடிக்கிறவருக்கு இது தெரியாதா? அதுதான் மனசு ஆறவில்லை.

அளவையும் சுருக்கியிருந்தார். இரு பக்க வெற்றிடத்தோடு சேர்த்து 37.29 மில்லிமீட்டர் அகலம் வேண்டும். 80 சதவீதம் வரை, அதாவது 30 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைக்கலாம். எனக்கு அடித்தது 24. வெற்றிடத்தில் ஏலக்காய்ப் படம் வேறு.

அதனால் வெள்ளைக் கட்டத்தில் கறுப்புக் கோடாகவே கேளுங்கள். உங்கள் கவரிலேயே ஒரு மாதிரி அடித்து வாங்கி, சரக்கு போகப்போகிற கடையின் கவுண்டரில் காட்டிப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். போனில் படிக்கிறது என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பணம் திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது மை ரிப்பன் வைத்த பிரிண்டரில் கறுப்பு ஸ்டிக்கர் அடித்து ஒவ்வொரு கவரிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். ரிப்பன் இல்லாமல் சூட்டிலேயே எழுத்து விழும் தெர்மல் ஸ்டிக்கர் விலை குறைவுதான், ஆனால் வெயிலிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் எழுத்து வெளுத்துவிடும், அதை வாங்க வேண்டாம்.