தேய்ந்த புரொப்பெல்லர் ஷாஃப்ட்: வெல்டிங்கா, ஸ்லீவா, புதிதா?

வாடைக் காலத்தில் திருகோணமலை கொட்பேயில் கரையேற்றும் பலநாள் படகுகளில், ஷாஃப்டின் கிளாண்ட் பாக்கிங் (கடல்நீர் படகுக்குள் வராமல் ஷாஃப்டைச் சுற்றி கிளாண்ட் என்ற கூட்டுக்குள் அடைக்கும் கயிறு) உட்காரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். மணல் சிக்கிய பாக்கிங் அராவியிருக்கும். நீர் ஓடாத அந்த இடுக்கில் 304 ரக ஸ்டெயின்லெஸ் குழிகுழியாக அரித்தும் இருக்கும். அந்தப் பள்ளத்துக்காக முழு ஷாஃப்டையும் பழைய இரும்புக்குப் போடுவது பெரும் வீண்.

முதலில் வெடிப்புச் சோதனை. புரொப்பெல்லர் அமரும் கூம்பின் பருத்த முனையையும் கீவே (அதைப் பூட்டும் கீ அமரும் காடி) மூலையையும் சுத்தமாக்கி, சிவப்பு ஊடுருவு சாயம் பூசி, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடியுங்கள். சிவப்புக் கோடு எழுந்தால் புதிய ஷாஃப்ட்தான். மீதி எதுவும் பேச வேண்டாம்.

வெடிப்பு இல்லையென்றால் பலரும் கேட்பது வெல்டிங். மலிவு, எந்தப் பட்டறையிலும் நடக்கும். ஆனால் ஒரே பக்கம் சூடேறினால் ஷாஃப்ட் வளையும். எதிரெதிர்ப் பக்கங்களில் மாறிமாறி வெல்டிங் வரி போட்டு, ஆறவிட்டு, லேத்தில் கடைய வேண்டும். 450 முதல் 850 பாகை வரை சூடேறிய 304-இல் குரோமியம் கார்பனோடு சேர்ந்துவிடுவதால் வரியை ஒட்டிய உலோகம் துருவைத் தாங்காது. 316எல் ரக வெல்டிங் கம்பி வரியைக் காக்கும், பக்கத்து உலோகத்தை அல்ல. முறுக்கு விசையில் வெடிப்புத் தொடங்குவதும் அந்த ஓரத்தில்தான். கூம்புக்கு அருகே வெல்டிங் வைக்கவே வேண்டாம்.

கிளாண்ட் தேய்மானத்துக்கு எங்கள் தேர்வு ஸ்லீவ், அதாவது ஷாஃப்டின் மேல் இறுக ஏற்றும் மெல்லிய உலோகக் குழாய். 50 மி.மீ. ஷாஃப்ட், 10 மி.மீ. பாக்கிங் என்றால் கிளாண்டின் உள்விட்டம் 70. 2 மி.மீ. தடிப்பில் 316 ஸ்லீவ் போட்டால் வெளிவிட்டம் 54. பாக்கிங்கை 8 மி.மீ. ஆக்கினால் கிளாண்டைத் தொடவே தேவையில்லை. ஸ்லீவின் துளையை ஷாஃப்டைவிட 0.03–0.05 மி.மீ. சிறிதாகக் கடையுங்கள். 200 பாகைக்குச் சூடாக்கினால் துளை ஏறக்குறைய 0.15 மி.மீ. விரியும், ஒரே மூச்சில் தள்ளுங்கள், பாதியில் நின்றால் இறுகிவிடும். பள்ளத்தின் இருபுறமும் நல்ல உலோகத்தில் அது பிடித்திருக்க வேண்டும். ஆறியபின் ஓரங்களை எபாக்சியால் அடையுங்கள்.

ஒரு தொல்லை உண்டு: ஸ்லீவ் ஏறிய இடம் தடித்துவிடுவதால், இனி ஷாஃப்டைத் தாங்கும் வெளிப்பக்கப் புஷ்ஷைக் கழற்றாமல் ஷாஃப்டைப் பின்னால் உருவ முடியாது. ஸ்லீவ் போடுமுன்பே படகுக்காரரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு வழி, உருகிய உலோகத்தைத் தெளித்துப் பள்ளத்தை நிரப்பும் உலோகத் தெளிப்பு. இதில் ஷாஃப்ட் அதிகம் சூடேறாது, வளையாது. மோட்டார், பம்ப் ஷாஃப்டுகளில் பேரிங் அமரும் இடத்துக்கு அருமை. கடல்நீரில் நுண்துளைகளை சீலரால் அடைக்காவிட்டால் அடியில் அரித்துப் பெயரும், கீவேக்கு ஆகாது.

எதைச் செய்தாலும் பாக்கிங்கை முற்றாக இறுக்காதீர்கள். ஓடும்போது சொட்டுச்சொட்டாக நீர் வரவேண்டும். வராவிட்டால் புது ஸ்லீவிலும் பள்ளம் விழும்.