ஆறு ஆண்டுகள் கையில் இருந்த என்எச்35

சீக்கோ நிறுவனம் பிற தயாரிப்பாளர்களுக்கும் விற்கும் என்எச்35 என்ற ஆட்டோமேட்டிக் மூவ்மெண்ட் (கை அசைவிலேயே சாவி ஏறும் உள் இயந்திரம்) பொருத்திய கைக்கடிகாரம் ஒன்றை ஆறு ஆண்டுகளாக அணிந்துவருகிறேன். உராய்வைக் குறைக்கும் 24 கற்கள், மணிக்கு 21,600 துடிப்புகள், முழுச் சாவியில் சுமார் 41 மணி நேர ஓட்டம் ஆகியவை இதன் அடிப்படை விவரங்கள். நாளொன்றுக்கு 20 நொடி பிந்துவதிலிருந்து 40 நொடி முந்துவது வரை இயல்பான வரம்பு என்று நிறுவனமே அறிவித்திருக்கிறது. ஒரு நாளின் 86,400 நொடிகளில் 40 என்பது மிகச் சிறிய பிழைதான் என்றாலும், திருத்தாமல் விட்டால் மாதக் கடைசியில் 20 நிமிடம் முந்தி நிற்கும் என்பதால், வாங்கிய புதிதில் எனக்குத் தயக்கம் இருந்தது.

முதல் மூன்று மாதங்கள் தினமும் காலையில் கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டுக் குறித்துவைத்தேன். நாளுக்கு 12 நொடி அளவில் முந்தியது; முந்திய அளவு நாளுக்கு நாள் பெரிதாக மாறவில்லை என்பதே எனக்கு முக்கியமாகப் பட்டது. ஒரு நாள் 15 நொடி முந்தி, மறுநாள் 10 நொடி பிந்தும் கடிகாரத்தை யாராலும் சரிசெய்ய முடியாது. ஒரே அளவில் தவறுவதைத் திருத்திவிடலாம். இரவில் முகம் மேலே இருக்கும்படி வைக்காமல், கிரவுன் (நேரம் வைக்கும் பக்கக் குமிழ்) கீழே வரும்படி பக்கவாட்டில் சாய்த்து வைத்தபோது நான்கைந்து நொடி குறைந்ததையும் கண்டேன்.

இரண்டாம் ஆண்டில் திடீரென நாளுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் முந்தத் தொடங்கியது. டேப்லெட்டின் காந்த உறைமேல் இரவெல்லாம் கழற்றி வைத்திருந்தது என் தவறு. காந்தம் ஏறினால் ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள்வில்லின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, அதன் நீளம் குறைந்ததுபோல் ஆகிவிடுவதால், முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரமான பாலன்ஸ் வீல் வேகமாக ஆடுகிறது. கடைத்தெருவில் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒரு சிறிய பெட்டியின்மேல் அதை வைத்து, பொத்தானை அழுத்தியபடி மெல்ல மேலே தூக்கினார், காந்தம் போய்விட்டது. வந்தது வந்தோம் என்று ரெகுலேட் செய்யவும், அதாவது ஓடும் வேகத்தைத் திருத்தவும் கேட்டுக்கொண்டேன். பின்மூடியைத் திறந்து, துடிப்பின் ஒலியைக் கேட்கும் கருவியில் மாட்டினார். திரையில் இரண்டு புள்ளிக்கோடுகள் மேல்நோக்கி ஏறின, முந்துகிறது என்று பொருள். சீவிய மரக்குச்சியால் ரெகுலேட்டர் நெம்புகோலை அவர் தொட்டது என் கண்ணுக்கே தெரியவில்லை. கோடுகள் கீழே சரிந்தன. இன்னொரு முறை தொட்டதும் ஏறக்குறைய கிடையாகிவிட்டன. அன்றுமுதல் நாளுக்கு நான்கு முதல் ஆறு நொடிதான் முந்துகிறது.

இதற்குமுன் நான் அணிந்தது சீக்கோவின் பழைய 7எஸ்26 மூவ்மெண்ட் கொண்ட கடிகாரம். உழைப்பில் அதற்கும் குறையில்லை. ஆனால் கையால் சாவி கொடுக்கவும் முடியாது, நேரம் வைக்கும்போது நொடி முள்ளை நிறுத்தவும் முடியாது. நண்பரின் கடிகாரத்தில் இருக்கும் மியோட்டா நிறுவனத்தின் 9015 மூவ்மெண்ட் மணிக்கு 28,800 துடிப்புகள் கொண்டது, 3.9 மில்லிமீட்டர் கனம்தான் என்பதால் கடிகாரமும் மெல்லியது. அறிவிக்கப்பட்ட வரம்பும் 10 நொடி பிந்துவது முதல் 30 நொடி முந்துவது வரை என்று குறுகியது. ஆனால் கை அசைவில் சுழலும் எடையான ரோட்டார் ஒரு பக்கச் சுழற்சியில் மட்டுமே சாவி ஏற்றுவதால், மறுபக்கம் சுழலும்போது எழும் சத்தம் அமைதியான அறையில் நன்றாகக் கேட்கிறது. விலையும் கூடுதல். என்எச்35 இரு பக்கமும் சாவி ஏற்றும். (துல்லியம் மட்டுமே வேண்டுமென்றால் சில நூறு ரூபாய் குவார்ட்ஸ் கடிகாரம் இவை அனைத்தையும் தோற்கடித்துவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

சென்ற மாதம் கழற்றி வைத்த கடிகாரம் 34 மணி நேரத்தில் நின்றுவிட்டது, எண்ணெய் காய்ந்திருக்கலாம். முழுவதும் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெயிடும் கூலியைவிடப் புதிய மூவ்மெண்ட் மலிவு என்று பெரியவர் சொல்கிறார். கணக்குப்படி அவர் சொல்வது சரி. ஆனாலும் இத்தனை நாள் பழகிய இயந்திரத்தைக் கழற்றிப் போட மனம் வராததால், சர்வீஸுக்கே கொடுத்திருக்கிறேன்.