எண்ணெய் சேர்த்துச் செய்யும் கார பிஸ்கட் மாவுக் கலவை: ஒரு மதிப்பீடு

வெண்ணெய்க்குப் பதிலாக எண்ணெய் ஊற்றிப் பிசையும்படி விற்கப்படும் இந்தக் கார பிஸ்கட் மாவுக் கலவையில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் வேகம்தான். வெண்ணெய் இளகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எண்ணெய் மாவுத் துகள்களைச் சூழ்ந்து குளூட்டன் (மாவுக்குப் பிடிப்புத் தரும் புரதம்) இழைகள் வலுப்பெறாமல் தடுப்பதால், பிஸ்கட் வாயில் பொலபொலவென உதிர்கிறது; வெண்ணெயின் மணத்தை மட்டும் இதில் எதிர்பார்க்க இயலாது. கலவையிலுள்ள மிளகும் சீரகமும் அதைப் பெருமளவு ஈடுசெய்கின்றன. வெண்ணெயின் அளவுக்கே எண்ணெயும் சேர்க்கலாம் என்று உறையில் அச்சிட்டிருப்பதை நான் ஏற்கவில்லை: வெண்ணெயில் ஏறத்தாழ 80 விழுக்காடே கொழுப்பு, எஞ்சியது பெரும்பாலும் நீர் என்பதால், 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் எண்ணெயும் சிறிது தண்ணீரும் போதும். மெல்லியதாகத் தேய்த்து 180 டிகிரி செல்சியஸில் சுடும்போது, ஓரம் பொன்னிறமானதுமே எடுத்துவிடுங்கள். ஆறியபின்தான் மொறுமொறுப்பு முழுமையாக வரும்.