நானோவில் ஜே விசையை ஏன் பிடுங்கினேன்

அப்பா திருநெல்வேலி டவுனில் தட்டச்சுப் பயிலகம் நடத்தினார். பன்னிரண்டு ரெமிங்டன் மெஷின்கள். இடது கைக்கு ஏ எஸ் டி எஃப், வலது கைக்கு செமிகோலன் எல் கே ஜே. விசையைப் பார்த்து அடித்தால் ஸ்கேல் முட்டியில் விழும். மகன் என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது. லோயர், ஹையர் என்ற இரண்டு தட்டச்சுத் தேர்வுகளிலும் தேறினேன். அதில் கிடைத்தது வேகம். கூடவே ஒரு தொல்லையும் ஒட்டிக்கொண்டது: விரல் ஒருமுறை கற்றுக்கொண்டதை மூளை சொன்னாலும் விடாது.

இப்போது பள்ளிகளுக்கும் சிறு கடைகளுக்கும் இணையதளம் வைத்துக்கொடுத்து, அவற்றின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். தனி ஆள், பதினான்கு சர்வர்கள். எல்லாவற்றிலும் டெர்மினல் என்ற, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் எழுத்துத் திரை வழியாகத்தான் வேலை, எல்லாவற்றிலும் அந்தத் திரைக்குள்ளேயே கோப்புகளைத் திருத்த உதவும் நானோ எடிட்டர்தான். எட்டு ஆண்டுப் பழக்கத்தில் சொல்கிறேன், அதன் குறுக்குவிசைகளைப் பற்றி மட்டும். வண்ணம் காட்டுவது, எழுத்துப்பிழை பார்ப்பது எல்லாம் இந்த மதிப்புரையில் கிடையாது.

முதலில் பாராட்டு. நானோவைத் திறந்தால் திரையின் அடியில் இரண்டு வரிகளில் எந்த விசை எதற்கு என்று எழுதியே இருக்கும். விம் என்ற இன்னொரு எடிட்டரைத் திறந்துவிட்டு வெளியே வரத் தெரியாமல் திண்டாடியவர்களுக்கு இதன் அருமை தெரியும். குறை என்னவென்றால், அந்த இரண்டு வரிகளை வாசிக்கவே ஒருவர் கற்றுத்தர வேண்டும். என்னிடம் வேலை பழக வந்த கல்லூரிப் பையன் முதல் நாளே கேட்டான்: "அண்ணே, ஒவ்வொரு எழுத்துக்கு முன்னாலும் தொப்பி மாதிரி ஒரு குறி இருக்கிறதே, அதையும் சேர்த்து அடிக்க வேண்டுமா?" ஷிஃப்டோடு ஆறை அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறான். கோப்பு முழுக்கத் தொப்பி. அந்தக் குறி கன்ட்ரோல் விசை என்றும், எம் என்று போட்டிருந்தால் ஆல்ட் விசை என்றும் சொல்லிக்கொடுத்தேன். அந்த எம், மெட்டா என்பதன் முதல் எழுத்து. பழைய விசைப்பலகைகளில் அப்படி ஒரு விசை இருந்தது. இன்று எந்தக் கடையில் வாங்கும் பலகையிலும் அந்தப் பெயர் இல்லை, ஆனால் நானோ அதை விடவில்லை.

சேமிக்க கன்ட்ரோல்-ஓ, தேட கன்ட்ரோல்-டபிள்யூ, வெட்ட கன்ட்ரோல்-கே, ஒட்ட கன்ட்ரோல்-யு. உலகமே எஸ், எஃப், எக்ஸ், வி என்று பழகிவிட்ட பிறகு இதென்ன விசித்திரம் என்று தோன்றும். இது மாமனார் வீட்டுச் சீர்போல வழிவழியாக வந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகம் பைன் என்ற மின்னஞ்சல் நிரலைச் செய்தபோது, கடிதம் எழுத அதற்குள் பிக்கோ என்று ஓர் எடிட்டரை வைத்தது. பிக்கோவின் உரிமம், யாரும் மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்கு ஒத்துவரவில்லை. அதனால் கிறிஸ் அலெக்ரெட்டா 1999இல் அதேபோல ஒன்றை எழுதினார். முதலில் அதன் பெயர் டிப். யூனிக்ஸ் இயங்குதளத்தில் அதே பெயரில் வேறொரு கட்டளை இருந்ததால் 2000 ஜனவரியில் நானோ ஆயிற்று. 2001இல் குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் குடும்பத்தில் சேர்ந்தது. அளவை முன்னொட்டுகளில் ஒரு நானோ என்பது ஆயிரம் பிக்கோ, பெயர் வைத்தவருக்குக் குசும்பு உண்டு. பிக்கோ பழகிய விரல்கள் தடுமாறக் கூடாது என்பதற்காக விசைகளை அப்படியே வைத்தார்கள். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் பிக்கோ பழகியவன் இல்லையே.

என் விரலுக்கு நேர்ந்த கதைக்கு வருகிறேன். கன்ட்ரோல்-கே ஒரு முழு வரியை வெட்டும். தொடர்ந்து ஐந்து முறை அழுத்தினால் ஐந்து வரிகளும் சேர்ந்து கைக்கு வரும், கன்ட்ரோல்-யு அழுத்தினால் ஐந்தும் ஒன்றாகப் போய் உட்காரும். நானோவில் எனக்கு மிகவும் பிடித்த விசை அதுதான். கே வலது நடுவிரலின் இருப்பிடம். அதை ஒட்டி, ஆள்காட்டி விரலின் இருப்பிடத்தில் ஜே. கன்ட்ரோல்-ஜே என்ன செய்யும் தெரியுமா? பத்தியைச் சீராக்கும். அதாவது, அடுத்தடுத்து இருக்கும் வரிகளையெல்லாம் ஒரே பத்தியாகச் சேர்த்து, திரை அகலத்துக்கு ஏற்ப மறுபடியும் உடைத்து வைக்கும். கடிதம் எழுதுகிறவருக்கு அது வரம். ஒவ்வொரு வரியும் தனி உத்தரவாக நிற்கும் அமைப்புக் கோப்பு திருத்துகிறவனுக்கு அது வாழைத்தோப்பில் புகுந்த யானை.

ஓர் இரவு ஒரு பள்ளியின் சர்வரில் கிரான்டேப்பை, அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டிய வேலைகளின் பட்டியலை, திருத்திக்கொண்டிருந்தேன். ஆறு வேலைகள், ஆறு வரிகள், இடையில் வெற்று வரி கிடையாது. பழைய வேலை ஒன்றை வெட்டப் போனேன், விரல் ஒரு விசை நகர்ந்துவிட்டது. ஆறு வரிகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கண்ட இடத்தில் உடைந்து நின்றன. தூக்கக் கலக்கத்தில் கவனிக்காமல் சேமித்து வெளியே வந்தேன். நல்லவேளை, கிரான் நிரல் கோப்பை ஏற்கும் முன் சரிபார்க்கும். நிமிடம் இருக்க வேண்டிய இடத்தில் வேறென்னவோ இருக்கிறது, பிழை, ஏற்க முடியாது, மறுபடி திருத்துகிறாயா என்று கேட்டது. எல்லாக் கோப்புக்கும் இப்படி ஒரு காவலாளி கிடையாது. ஆல்ட்-யு அழுத்தினால் செய்ததை மீட்கலாம்தான். ஆனால் கெட்டது கண்ணில் பட்டால்தானே மீட்க!

மறுநாள் காலைதான் நானோவின் அமைப்புகளை வைத்திருக்கும் நானோஆர்சி கோப்பை முதன்முதலாகத் திறந்தேன். வீட்டு அடைவில், பெயருக்கு முன் ஒரு புள்ளியோடு இருக்கும், இல்லாவிட்டால் நாமே உருவாக்கலாம். விசை மாற்றும் வாக்கியத்தில் நான்கே சொற்கள்: பைண்ட், பிறகு விசை, பிறகு செய்ய வேண்டிய பணியின் பெயர், கடைசியாக எந்த மெனுவில் (எழுதும்போதா, தேடும்போதா) என்பது. பிடுங்குவதற்கு அன்பைண்ட், விசை, மெனு, மூன்றே சொற்கள். கன்ட்ரோல்-ஜேயையும், கோப்பு முழுவதையும் சீராக்கும் ஆல்ட்-ஜேயையும் மெயின் மெனுவிலிருந்து பிடுங்கினேன். இந்த எடிட்டரில் நான் செய்த மாற்றங்களில் அதிகப் பயன் தந்தவை இந்த இரண்டு வரிகள்தான்.

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? அன்றைக்கே எல்லாவற்றையும் மாற்றத் தொடங்கினேன். வெட்ட எக்ஸ், நகலெடுக்க சி, ஒட்ட வி, கோப்பைக் கேள்வி கேட்காமல் சேமிக்க எஃப்2. சேமித்துவிட்டு நானோவை மறுபடி அழைத்தால், திறக்க மறுத்தது. வெளியேறும் பணிக்கு எந்த விசையும் இணைக்கப்படவில்லை, ஆகவே நான் கிளம்புகிறேன், தேவையானால் ஐ என்ற தெரிவோடு என்னை அழைத்து அமைப்பைச் சரிசெய்துகொள் என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. யோசித்தால் அது சொன்னது சரி. வெளியேறும் விசை கன்ட்ரோல்-எக்ஸ், அதற்கு மாற்று எஃப்2. இரண்டையும் நானே வேறு வேலைக்கு அனுப்பிவிட்டேன். உள்ளே விட்டுக் கதவைப் பூட்டுவதைவிட வாசலிலேயே நிறுத்துவது மேல் என்று யோசித்து எழுதியிருக்கிறார்களே, அந்த இடத்தில் இந்த நிரலின் மீது மரியாதை வந்தது. பணியின் பெயரைத் தப்பாக எழுதினாலும் எத்தனையாவது வரியில் தப்பு என்று சொல்லும்.

எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று நினைக்க வேண்டாம். கன்ட்ரோல்-ஐ என்பதும் டேப் என்பதும் டெர்மினலுக்கு ஒன்றே. கன்ட்ரோல்-எம் என்பது என்டர். கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் எண்ணில் கடைசி ஐந்து பிட்டுகளை (இரும இலக்கங்களை) மட்டும் அனுப்பும் பழைய ஏற்பாடு அது. கன்ட்ரோலோடு ஷிஃப்டையும் சேர்த்து எஸ் அழுத்தினால் வேறாகும் என்று நினைத்தேன், நானோவைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். அம்புக்குறி விசைகளையும் எஸ்கேப்பையும் தொட முடியாது. டெர்மினல் நிரலும் தன் பங்குக்குச் சிலவற்றைத் தின்றுவிடும். என்னுடையதில் எஃப்10 மெனுவைத் திறக்கிறது, எஃப்11 முழுத்திரை ஆக்குகிறது, இரண்டும் நானோவரை போய்ச் சேர்வதே இல்லை.

டபிள்யூவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்வரை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனம் பிரவுசருக்குள்ளேயே டெர்மினல் திறந்து தரும். அதில் நானோவைத் திறந்து, ஒரு சொல்லைத் தேட கன்ட்ரோல்-டபிள்யூ அழுத்தினேன். பிரவுசர் அதைத் தனக்கு வந்த உத்தரவாக எடுத்துக்கொண்டு தாவலையே மூடிவிட்டது. எழுதியதும் போயிற்று. அன்று முதல் தேடலை எஃப்6இலும் பழகிக்கொண்டேன், அது தொடக்கத்திலிருந்தே தேடலுக்கு உரிய விசைதான்.

எஃப் வரிசை விசைகளுக்கு இன்னொரு பயன் இருப்பதைத் தமிழில் எழுதும்போதுதான் கண்டேன். அமைப்புக் கோப்புகளில் குறிப்புகளைத் தமிழில் எழுதுவது என் வழக்கம், தூக்கக் கலக்கத்தில் வாசிக்க வசதி. தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் இருக்கும்போது என் கணினியில் கன்ட்ரோலோடு எந்த எழுத்தை அழுத்தினாலும் நானோவுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. ஆங்கிலத்துக்கு மாறி, சேமித்து, மறுபடி தமிழுக்கு மாறி என்று அல்லாடினேன். எஃப்3க்கு மொழி கிடையாது! எந்தப் பலகையில் இருந்தாலும் எஃப்3 எஃப்3தான். அதைப் பெயர் கேட்காமல் சேமிக்கும் பணியோடு இணைத்தேன். எஃப்4இல், ஹேஷ் குறியும் 'மாற்றிய காரணம்:' என்ற சொற்களும் தானாக விழும்படி ஒரு சரத்தையே (எழுத்துத் தொடரையே) இணைத்தேன். அந்த விசை முன்பு ஜேயின் மாற்று விசை, அதையும் இப்படியே கைப்பற்றியாயிற்று. ஆனால் புள்ளியும் ஈகாரக் குறியும் வரும் தமிழ் வரிகளில் கர்சர் ஓரிடத்தில் தெரிய, எழுத்து வேறிடத்தில் விழுவது இன்னும் தொல்லைதான்.

சரத்தை இணைக்கும் வசதியில் 2022இல் வந்த 7.0 பதிப்பு ஒரு படி மேலே போனது. நெளிவு அடைப்புக்குள் பணிகளின் பெயர்களை வரிசையாக எழுதலாம். வெட்டு, ஒட்டு, ஒட்டு என்று மூன்றைக் கோத்து கன்ட்ரோல்-டியில் வைத்திருக்கிறேன். அழுத்தினால் நிற்கும் வரி இரட்டிக்கும். ஒரே மாதிரி முகவரி வரிகள் பத்து எழுதும் நாளில் இது கை கொடுக்கிறது.

8.0 பதிப்பு 2024இல் வந்தது. அதில் நவீன விசைகள் என்று ஒரு தெரிவு. போட்டால் எக்ஸ் வெட்டும், சி நகலெடுக்கும், வி ஒட்டும், இசட் மீட்கும், கியூ வெளியேறும். நிரலைச் சுட்டும்படி, ஈ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் இன்னொரு பெயரில் ஓர் இணைப்பு (லிங்க்) செய்து அழைத்தாலே இந்த விசைகள் வந்துவிடும். நான் தேடிக்கொண்டிருந்தது இதுதானே என்று டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 13ஆம் பதிப்பு உள்ள சர்வரில் போட்டுப் பார்த்தேன். நான்கே நாள். மற்ற சர்வர்களில் இன்னும் டெபியன் 12, அதில் நானோ 7.2. இங்கே கன்ட்ரோல்-டபிள்யூ எழுதி வைக்கிறது, அங்கே தேடுகிறது. இங்கே ஓ ஒரு கோப்பைத் திறக்கிறது, அங்கே சேமிக்கிறது. அப்பாவின் பயிலகத்தில் ஒரு மெஷினில் மட்டும் விசைகளை இடம் மாற்றி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன், தெரிவை எடுத்துவிட்டேன். முழுதாகப் புது விசைகள்தான் வேண்டும், ஒரே கணினிதான் என்கிறவர்கள் மைக்ரோ எடிட்டரைப் பார்க்கலாம். தொடக்கத்திலிருந்தே அது எஸ், சி, வி வழிதான். போகிற சர்வரில் எல்லாம் அது இருக்காது என்பதுதான் எனக்கு இடைஞ்சல்.

கடைசியில் என் கோப்பில் மிஞ்சியவை பத்தே வரிகள். வரி எண் காட்டுவது, கர்சர் நின்ற இடத்தை நினைவில் வைப்பது, டேப் அகலம் என்று ஐந்து அமைப்புகள். ஜே இரண்டையும் பிடுங்கிய வரிகள். எஃப்3, எஃப்4, கன்ட்ரோல்-டி. எழுதியதும் ஒரு குழப்பம் வந்தது: சூடோ என்ற கட்டளை போட்டு நிர்வாகி உரிமையோடு திறக்கும் கோப்புகளில் என் விசைகள் வேலை செய்யவில்லை. அப்போது நானோ படிப்பது ரூட் எனப்படும் நிர்வாகியின் வீட்டு அடைவை. எனவே அதே பத்து வரிகளை ஈடிசி அடைவில் எல்லாப் பயனர்களுக்குமாக இருக்கும் பொதுக் கோப்பிலும் சேர்த்தேன். பதிப்பு மேம்படுத்தும்போது, இந்தக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், என்ன செய்யட்டும் என்று டெபியன் கேட்கும், இருப்பதையே வைத்துக்கொள் என்ற தெரிவைச் சொல்ல மறக்கக் கூடாது. மேக் வைத்திருக்கும் நண்பர் வீட்டில் இந்தக் கோப்பைப் போட்டுக்காட்டி அசடு வழிந்தேன். அவருடைய மேக்கில் நானோ என்று அடித்தால் திறப்பது பழைய பிக்கோ, அதற்கு என் கோப்பைப் படிக்கத் தெரியாது.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது ஜேயைத் தொடக்கத்திலேயே கேயின் மடியில் உட்கார வைத்ததற்காக. அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. நான் வேலை செய்வதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "பிடுங்கிவிட்டேன் என்கிறாயே, அந்த விசையை அழுத்தினால் இப்போது என்னடா ஆகும்?" என்று கேட்டார். "ஒன்றும் ஆகாது அப்பா. இணைக்கப்படாத விசை என்று அடியில் ஒரு வரி வரும், அவ்வளவுதான்" என்றேன்.

வாரத்தில் இரண்டு முறையாவது அந்த வரி வருகிறது.