டீசல் ஊறிய மண்: லாரியில் அனுப்புவதா, இடத்திலேயே சுத்தம் செய்வதா?

நிலத்தடி டாங்க் கசிந்து மண்ணில் டீசல் ஊறிவிட்டால், விதிகள் பெரும்பாலும் இரண்டு வழி விடுகின்றன. தோண்டியெடுத்து, உரிமம் பெற்ற கழிவுத் தளத்துக்கு லாரியில் அனுப்பலாம். இல்லையென்றால் அங்கேயே குவித்துவைத்து, காற்றும் உரமும் கொடுத்து, நுண்ணுயிர்களைக் கொண்டு எண்ணெயைச் சிதைக்கலாம். நாங்கள் செய்தது இரண்டாவது. மறுபடி டீசல் என்றால் அதையேதான் செய்வேன்.

லாரியின் பலம் வேகம். செலவு அதிகம் என்பது தெரிந்ததுதான். தோண்டிய மண் உப்பி, லோடு எண்ணிக்கை கூடும் என்பதை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முடிவைச் சொன்னது பொறுப்பு என்ற ஒரே விஷயம். மண் கேட்டைத் தாண்டிவிட்டால் தொல்லை விட்டது என்று நினைக்கிறோம். பல நாடுகளின் சட்டம் அப்படி விடுவதில்லை. அந்தக் கழிவுத் தளமே பின்னாளில் கசிந்தால், மண்ணை அனுப்பியவர்களையும் தேடி வருவார்கள். ஒவ்வொரு லோடுக்கும் எடைச்சீட்டு, அனுப்புச் சீட்டு, பெற்றுக்கொண்டவர் கையெழுத்து என எல்லாவற்றையும் வருடக்கணக்கில் காக்க வேண்டும். அவ்வளவு காத்தும், இன்னொருவர் தன் தளத்தை எப்படிப் பராமரிக்கிறார் என்பது நம் கையில் இல்லை. இடத்திலேயே சுத்தம் செய்தால் மண் நம் கண் முன்னாலேயே இருக்கிறது. முதல் பரிசோதனை முதல் கடைசிப் பரிசோதனை வரை ஒரே கோப்பில் காட்டலாம்.

குவியலுக்கு அடியில் கசியாத விரிப்பு, சுற்றி வரப்பு, மேலே தார்ப்பாய், உள்ளே துளையிட்ட குழாய்கள், காற்றை இழுக்க ஒரு புளோயர். உரத்துக்கு, கார்பன் 100-க்கு நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1 என்பது வழக்கமான கணக்கு. மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. எண்ணெய் அளவு முதலில் மளமளவென்று இறங்கும், அப்புறம் இழுக்கும். அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் விதியில் உள்ள எண் கழுத்தைப் பிடிக்கிறது. குடியிருப்பு நிலத்துக்கு ஒரு வரம்பு, தொழிற்சாலை நிலத்துக்குத் தளர்வான வேறொரு வரம்பு என்று வைத்திருப்பார்கள். எது நமக்கு, சுத்தமான மண்ணை அதே குழியில் திருப்பிப் போடலாமா, இரண்டையும் குவியல் போடும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். குழியின் பக்கச்சுவர்களிலும் அடியிலும் மாதிரி எடுப்பது எந்த வழியிலும் தப்பாது.

என் அனுபவம் டீசலோடு சரி. பெட்ரோல் என்றால் அதிலுள்ள பென்சீன் என்ற நச்சுப்பொருள் ஆவியாகிக் காற்று விதிகளும் சேர்ந்துகொள்ளும். கனமான எண்ணெய் மெதுவாகத்தான் சிதையும். பழைய எஞ்சின் ஆயில் கலந்து ஈயம் போன்ற உலோகங்கள் இருந்தால், நுண்ணுயிர்களால் அவற்றைச் சிதைக்க முடியாது. கிலோவுக்கு 50,000 மில்லிகிராமுக்கு மேல் எண்ணெய் இருக்கும் மண்ணிலும் நுண்ணுயிர்கள் திணறும். அப்படிப்பட்ட மண்ணுக்கும், நிலத்தைச் சீக்கிரம் ஒப்படைத்தாக வேண்டிய அவசரத்துக்கும் லாரிதான் சரி.