பால் டின்னா, வீசையா, தராசா?

யாங்கூனில் எங்கள் அரிசிப் பானைக்குள் ஒரு கெட்டிப்பால் டின் எப்போதும் கிடக்கும். பர்மாவில் அரிசிக்கு அதுதான் அளவு: எட்டு டின் ஒரு பியி, பதினாறு பியி ஒரு கூடை. ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு என்று பழகிய நமக்கு இது அந்நியமாகத் தோன்றுவதே இல்லை.

சிக்கல், டின்னைக் கிராமாக மாற்றும்போதுதான். மோல்மெனில் இருக்கும் தங்கை புதிதாகத் தராசு வாங்கிவிட்டு, "இட்லிக்கு நாலு டின் அரிசி என்றால் எத்தனை கிராம் அக்கா?" என்று கேட்டாள். டின்னில் 397 கிராம் என்று அச்சாகியிருந்தது. நாலால் பெருக்கி, கிட்டத்தட்ட 1,600 என்று சொல்லிவிட்டேன். அது பாலின் எடை! கெட்டிப்பால் தண்ணீரைவிடக் கனம். அந்த டின்னில் 300 மில்லிக்குச் சற்று மேல்தான் கொள்ளும். அரிசியைத் தலைவழித்து அளந்தால் 250 கிராம் வரும். உளுந்தை அவள் டின்னிலேயே அளந்ததால் இட்லி கல்லாய் வந்தது. குற்றம் என்னுடையது, திட்டு வாங்கியது உளுந்து.

உண்மையில் இட்லிக்குக் கணக்கே தேவையில்லை. அரிசியும் உளுந்தும் ஏறக்குறைய ஒரே கனம். நாலுக்கு ஒன்று என்பது டின்னிலும் சரி, தராசிலும் சரி. சோற்றுக்கு அப்படியில்லை. ஒரு டின் அரிசிக்கு இரண்டு டின் தண்ணீர் என்றால் 250 கிராமுக்கு 600 கிராமுக்கு மேல் தண்ணீர். தராசில் அதையே "ஒன்றுக்கு இரண்டு" என்று வைத்தால் 500தான் போகும். சோறு விதைவிதையாய் நிற்கும். சோற்றுக்கு டின்னே போதும் என்பது என் கட்சி.

டின்னிலும் ஒரு வம்பு உண்டு. ஒரு கூடை அரிசி 75 பவுண்டு என்ற கணக்கைப் பிரித்தால் ஒரு டின்னுக்கு 266 கிராம் வருகிறது. கடைக்காரர் கோபுரமாக அளப்பார், நாம் வீட்டில் வழித்து அளக்கிறோம். மாவு இன்னும் மோசம்: சலித்துப் போட்டால் ஒரு எடை, தட்டி அமுக்கினால் வேறு எடை. முறுக்கு மாவுக்குத் தராசைத் தவிர வேறெதையும் நம்பமாட்டேன்.

வீசைதான் நம்மை நன்றாக ஏமாற்றும். சந்தையில் உளுந்தும் வெல்லமும் வீசைக் கணக்கில்தான். பெயர் நம்முடையது, எடை நம்முடையதில்லை. தமிழ்நாட்டுப் பழைய வீசை சுமார் 1.4 கிலோ, பர்மா வீசை 1.63 கிலோ. பாட்டி ஊரிலிருந்து கொண்டுவந்த நோட்டில் அதிரசத்துக்கு "ஒரு படி அரிசி, முக்கால் வீசை வெல்லம்" என்று இருக்கிறது. அவர் கொண்டுவந்த பித்தளைப் படியில் அரிசியை அளந்து, வெல்லத்தை இங்குள்ள வீசையில் வாங்கினேன். சுமார் 170 கிராம் கூடுதல். முதல் அதிரசம் எண்ணெயில் விழுந்ததும் விளிம்பிலிருந்து பிரிந்து, கரைந்து, வாணலியின் அடியில் கருகிய பாகாய் ஒட்டிக்கொண்டது.

கைப்பேசியில் கிடைக்கும் கப் பட்டியல் பக்கம் நான் போவதில்லை. அந்தக் கப் வேறு, நம் டின் வேறு. ஒவ்வொரு தானியத்தையும் ஒருமுறை வழித்து நிறுத்து, எண்ணை டின்னின் வெளிப்புறத்தில் பெயிண்டால் எழுதிவைத்திருக்கிறேன்: அரிசி 250, ரவை 210. மாவுக்கு எண் எழுதவில்லை. டின் மாறினால் திரும்பவும் நிறுக்க வேண்டும். திறக்கும்போது விளிம்பு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாய் வளைகிறது.