ஆராதனை நேரலை: யூடியூப் போதுமா, ஹார்டு டிஸ்க் வேண்டுமா?

ஞாயிறு ஆராதனையை நேரலையில் விடும் சபைகள் பல, காணொளி அங்கேயே பத்திரமாக இருக்கும் என்று நம்பிவிடுகின்றன. ஃபேஸ்புக்கில் அந்த நம்பிக்கைக்கு இனி இடமில்லை. 2025 பிப்ரவரி 19 முதல் அங்கே போகும் நேரலைகள் 30 நாளில் தானாக நீங்கிவிடும். பழையவற்றையும், இறக்கிக்கொள்ள 90 நாள் அவகாசம் கொடுத்து நீக்குவதாக அறிவித்தார்கள். 2020 ஊரடங்கில், ஆளில்லாத ஆலயத்தில் ஆயர் நடத்திய புனித வெள்ளி ஆராதனை உங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

யூடியூப் எவ்வளவோ மேல். 12 மணி நேரத்துக்குள் முடியும் நேரலையைத் தானே சேமித்துவைக்கும், காசு கேட்காது, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் எளிதாகத் தேடி எடுக்கலாம். பலர் பார்ப்பதற்கு இதுதான் சரியான இடம். ஆனால் மூலப் பிரதியை இதை நம்பி விடக்கூடாது. சேனலை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டூடியோ பக்கத்திலிருந்து திரும்ப இறக்கினால் 720பி தரத்துக்கு மேல் கிடைக்காது. பாடகர் குழு யாரோ வெளியிட்ட டிராக்கைப் போட்டுப் பாடினால், இசை நிறுவனம் உரிமை கோரலாம், காணொளியே தடைபடலாம். இதைவிடப் பெரிய ஆபத்து, சேனல் யார் ஜிமெயிலில் இருக்கிறது என்பது. வாலிபர் சங்கத்துத் தம்பி ஒருவர் சொந்தக் கணக்கில் தொடங்கிவைத்துவிட்டு வேலைக்கு வளைகுடா போய்விட்டால், சேனலும் கூடவே போன மாதிரிதான். சபையின் பெயரில் கணக்கு இருக்கட்டும், இரண்டு மூன்று பேருக்கு அனுமதி இருக்கட்டும்.

கூகுள் டிரைவ் இலவசமாகத் தரும் 15 ஜிபி மூன்று ஞாயிறுக்குத்தான் வரும். காசு கட்டினால் நல்ல இரண்டாம் பிரதி. கட்ட மறந்தால் சிக்கல்.

என் ஓட்டு ஹார்டு டிஸ்க்குக்கு. நேரலை விடப் பயன்படும் இலவச மென்பொருளான ஓபிஎஸ்ஸில் நேரலை போகும்போதே கணினியிலும் பதிவுசெய்யலாம். பதிவை எம்கேவி வடிவில் வையுங்கள். பிரசங்கத்தின் நடுவே கரண்ட் போனால் சாதாரண எம்பி4 கோப்பு திறக்காமலே போகலாம். எம்கேவியில் அதுவரை பதிவானது தப்பும். அப்புறம் ஓபிஎஸ்ஸிலேயே எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம், தரம் குறையாது. வினாடிக்கு 4.5 மெகாபிட் வேகத்தில் பதிவுசெய்தால் இரண்டு மணி நேர ஆராதனை சுமார் 4 ஜிபி. 52 ஞாயிறும் சேர்த்து 210 ஜிபி. ஒரு டெராபைட் டிஸ்க்கில் நான்கு ஆண்டுகளை அடக்கிவிடலாம்.

ஆனால் ஒரே டிஸ்க் போதாது. இரண்டு வாங்கி, ஒன்றை ஆலய அலுவலகத்திலும் மற்றதை வேறு இடத்தில் உயரமான அலமாரியிலும் வையுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த தூத்துக்குடி, நெல்லைச் சபைகளுக்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும்படி இரண்டு டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) வாங்கினாலும் அது மட்டும் போதாது: தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் அழியும்.

யூடியூபிலும் டிஸ்க்கிலும் ஒரே காணொளி இருக்கவேண்டும் என்றும் இல்லை. ஜெப விண்ணப்பத்தில் நோயாளிகளின் பெயரும் வியாதியும் வாசிக்கப்படுகின்றன. அந்தப் பகுதியை நேரலையிலேயே தவிர்ப்பது நல்லது. போய்விட்டால், யூடியூப் எடிட்டரில் அன்றே வெட்டிவிடுங்கள். முழு ஆராதனை டிஸ்க்கில் இருக்கட்டும், '2025-04-18 புனித வெள்ளி' என்று தேதி முன்னால் வரும்படி பெயரிட்டு. ஆண்டுக்கு ஒருமுறை, ஆண்டிறுதிக் கணக்கு பார்க்கும் வாரத்தில், டிஸ்க்கைச் செருகி நாலைந்து கோப்புகளை ஓடவிட்டுப் பார்க்கும் பொறுப்பைச் சபைக் கமிட்டியில் ஒருவர் பெயரில் எழுதிவையுங்கள்.